உடற்கல்வியும் வாழ்நாட் சுகமும்

கல்வியின் பயன் யாதென வினவினால், உத்தியோகம் என்பார் பலர். அறிவு என்பார் சிலர். ஒழுக்கம் என்பார் சான்றோர். இம்மூன்றையும் தாங்கி நிற்பது உடம்பு என்பதனை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அதனை வேண்டுமளவு நினைப்பவர் அரியர். சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்னும் பழமொழியை நம் மாணாக்கர் தத்தம் கட்டுரைகளில் எடுத்தாளுகின்றனர். அதற்குப் புள்ளியும் பெறுகின்றனர். ஆனால் அக்கட்டுரையை எழுதிப் பழகுவதற்கென்றே உடற்கல்விப் பாடவேளை கடனாகக் கொடுக்கப்படுதலும் பல பள்ளிகளில் நிகழ்கின்றது. கொடுத்த கடன் மீளுவதோ இல்லை.

யாம் தமிழ் கற்பிப்போர், விசிலூதிப் பழகியவரல்லோம். எனினும் வகுப்பறையில் நின்றவாறே பல்லாண்டு நோக்கி அறிந்தது ஒன்றுண்டு. மைதானத்தில் ஓடி, வேர்த்து, முகங்கழுவி வந்தமரும் பிள்ளைகள் இலக்கணத்தையும் முகமலர்ச்சியோடு கேட்கின்றனர். காலை தொட்டு வாங்கிலேயே இருந்த பிள்ளைகளோ, பிற்பகலிற் கதை சொன்னாலும் தலை சாய்கின்றனர். இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராயப் புகுந்தபோது, அது ஒரு நாளின் சோர்வைப் பற்றியதன்று, ஒரு வாழ்நாளின் சுகத்தைப் பற்றியது என்பது புலனாயிற்று. அதனையே இவ் விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், பயிலும் மாணவர்க்கும், உடன் ஆசிரியர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

முன்னோர் உடல்வலி

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துட் செல்வார்க்கு, வேலணைத் தீவின் கீழ்முனையில் எதிர்ப்படுவது அல்லைப்பிட்டி. ஆழங்குறைந்த பரவைக்கடலும், பனங்கூடலும், கால் புதையும் மணலும் சூழ்ந்த ஊர் அது. அவ்வூரிலும், தீவகத்தின் ஏனைய ஊர்களிலும் நம் பாட்டன்மார் வாழ்ந்த வாழ்வை எண்ணிப் பார்ப்போமாக. முழங்கால் நீரில் நடந்து வலை வைத்தனர்; கோலூன்றித் தோணி செலுத்தினர்; பனையேறினர்; துலா மிதித்துப் பயிருக்கு நீர் இறைத்தனர். பெண்டிர் உரலில் இடித்தனர். நன்னீர்க் கிணறு தேடிக் குடத்தோடு நடந்தனர். பிள்ளைகள் பள்ளிக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் கால்நடையாகவே சென்றனர். இவருள் எவரும் தேகாப்பியாசம் என்னும் சொல்லைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. வாழ்வே அவர்க்கு அப்பியாசமாயிற்று.

அவ்வாழ்வு இன்பமே நிறைந்தது என யாம் கூறவில்லை. உழைப்பின் மிகுதியாலும், தொற்றுநோயாலும், வைத்திய வசதியின்மையாலும் பலர் இளமையிலேயே மாண்டனர். நீரிறைக்கும் இயந்திரமும், அரைக்கும் ஆலையும், பேருந்தும், மோட்டார் சைக்கிளும் வந்தமை நன்மையே. 1990களில் எரிபொருள் வரத்துத் தடைப்பட்டிருந்த காலத்திற் குடாநாடு முழுவதும் துவிச்சக்கரவண்டியையே நம்பியிருந்ததை நடுவயதினர் நினைவுகூர்வர். அவ்விடர் மீண்டும் வருக என எவரும் வேண்டார். ஆனால் கைகாலுக்கு வேலை குறைந்தபோது, அவ்வேலையாற் கிடைத்த வலிமையும் உடன்குறைந்தது என்பதை மறத்தலாகாது.

நம் தேசவழமை, சொத்தினை முதுசொம் என்றும் தேடியதேட்டம் என்றும் பகுத்துக் கூறும். தந்தை வழியாக வருவது முதுசொம். தன் முயற்சியால் ஈட்டுவது தேட்டம். காணியும் வீடும் முதுசொமாக வரலாம். உடல்வலி அங்ஙனம் வருவதன்று. பாட்டன் துலா மிதித்த கால்வலி பேரனுக்கு உறுதி எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகத் தேடிக்கொள்ளுதல் வேண்டும். முன்னர் அத்தேட்டத்திற்கு வயலும் கடலும் இடந்தந்தன. இக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருங்கே இடந்தரத் தக்கது பள்ளி ஒன்றே.

நோயின் போக்கு

இலங்கையில் நிகழும் மரணங்களுள் 83 வீதமானவை தொற்றா நோய்களால் நேர்வன என உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய் என்பன அவற்றுள் முதன்மையானவை. தெற்காசிய மக்களாகிய நமக்கு நீரிழிவைப் பொறுத்தவரை ஓர் இடையூறு மிகுதியாகவுண்டு. ஐரோப்பியரோடு ஒப்பிடுகையில், ஒரே பருமனுள்ள உடம்பிலும் நமக்குத் தசை குறைவு; வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பு அதிகம். ஆதலின் பார்வைக்கு மெலிந்தவரும் அந்நோய்க்கு ஆளாதல் கூடும். உணவில் அளவறிதலை வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தியமை யாவரும் அறிந்ததே. அளவறிந்து உண்பதோடு, உண்டதைச் செலவிடத் தசையும் வேண்டும்.

இயக்கம் இருதயத்தைக் காக்கும் என்பதனை முதன்முதலில் எண்ணிக்கை கொண்டு காட்டியவருள் ஒருவர் ஜெரமி மோரிஸ் என்னும் ஆங்கில வைத்தியர். இலண்டன் நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் அவர் தம் முடிபை வெளியிட்டார். சாரதி நாள் முழுவதும் இருந்த இருக்கையில் இருப்பவர். நடத்துநர் பற்றுச்சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500க்கு மேற்பட்ட படிகளை ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே வண்டியில், ஒரே நகரில் உழைப்பவரே. ஆயினும் நடத்துநரிடையே மாரடைப்புக் குறைவாகவும், வந்தவிடத்துக் கடுமை குறைந்ததாகவும் காணப்பட்டது. ஏறி இறங்கிய படிகளே அவரைக் காத்தன எனின், நாள் முழுவதும் வாங்கில் இருந்துவிட்டு, மாலையில் தனியார் வகுப்பிலும், இரவிற் கைப்பேசியின் முன்னும் மீண்டும் இருக்கும் பிள்ளையின் வருங்காலம் யாதாகும்?

இளமையிற் சேர்ப்பது

பெரியவரானபின் நடந்து கொள்ளலாமே என்பர் சிலர். எந்த வயதில் நடக்கத் தொடங்கினாலும் நன்மையுண்டு, ஐயமில்லை. எனினும் சில தேட்டங்களுக்குப் பருவமுண்டு. எலும்பு அவற்றுள் ஒன்று. மனிதன் தன் வாழ்நாளிற் பெறும் எலும்பு வலிமையின் பெரும்பகுதியை இருபது வயதளவிற் சேர்த்து முடிக்கின்றான். பின்னர் அச்சேமிப்பிலிருந்தே செலவு நடைபெறுகின்றது. ஓடுதலும் குதித்தலும் எலும்பை அதிரச் செய்து தடிப்பாக்குகின்றன. பின்லாந்து நாட்டு ஆய்வாளர் ரெனிஸ், ஸ்குவோஷ் ஆடும் பெண்களின் இரு கைகளையும் அளந்து 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றைக் கையினும் வலிதாயிருந்தது. பூப்பெய்துமுன் ஆடத் தொடங்கியோரிடத்து அவ்வேறுபாடு, மிகப் பிந்தித் தொடங்கியோரினும் இருமடங்கு முதல் நான்கு மடங்கு வரை காணப்பட்டது. முதுமையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது அறுபது வயதிற் நேரும் விபத்துப் போலத் தோன்றினும், அதன் வேர் பலபோது பன்னிரண்டு வயதில் ஓடாதுவிட்ட காலத்திற் கிடக்கின்றது.

தசையின் தொழிலும் அத்தகையது. தசை உழைக்கும்போது இரத்தத்திலுள்ள குளுக்கோசைத் தானே வாங்கிக்கொள்கின்றது. இன்சுலின் போதிய அளவு பயன்படாத உடம்பிலும் இவ்வழி திறக்கின்றது. நீரிழிவாளரை வைத்தியர் நடக்கச் சொல்வது இதுபற்றியே. மூன்றாவது தேட்டம் உடம்பின் அறிவு. பந்தைப் பிடித்தல், எறிதல், ஒற்றைக்காலில் நிற்றல், விழும்போது காயமின்றி விழுதல் என்பன எழுத்துப் போலக் கற்பிக்கப்பட வேண்டியவை. இளமையில் இவற்றைக் கல்லாதவன் பெரியவனாயபின் மைதானத்தைக் கண்டு நாணுகின்றான், நாணுபவன் விலகுகின்றான், விலகியவன் மீண்டு வருதல் அரிது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் நன்கு உழைக்க இயங்குதல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறி கூறுகின்றது. ஆனால் 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகெங்கும் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவருள் 81 வீதத்தினர் அவ்வளவு இயங்குவதில்லை. கிழமையில் வரும் சில உடற்கல்விப் பாடவேளைகள் இக்குறையை முற்றும் நீக்கா. ஆயினும் எஞ்சிய நேரத்தில் விளையாடும் ஆசையையும் ஆற்றலையும் விதைப்பன அவையே. விதைநெல்லைக் கடன் கொடுப்பவன் அறுவடைக்கு எங்கே போவான்?

பரீட்சையும் மைதானமும்

பெற்றோரின் அச்சம் யாம் அறியாததன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை முதலாக உயர்தரம் ஈறாக, ஒவ்வொரு பரீட்சையும் பிள்ளையின் வாழ்வை ஒரு படி உயர்த்தும் ஏணியாகவுள்ளது. போரினாலும் இடப்பெயர்வினாலும் யாவும் இழந்த குடும்பங்கள் கல்வி ஒன்றையே பற்றி எழுந்தன. அவர்களை நோக்கி, படிப்பை விட்டு விளையாடுக என்று கூறுவார் யாருமிலர். கேட்கவேண்டியது, விளையாட்டு உண்மையிற் படிப்பைக் கெடுக்கின்றதா என்பதே.

இதற்கு விடை தேடிய பரீட்சார்த்தங்களுள் ஒன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில், துருவா றிவியர் என்னும் நகரை அண்டி, 1970 முதல் 1977 வரை நடைபெற்றது. ஆரம்பப் பள்ளி மாணாக்கரில் ஒரு தொகுதியினர்க்கு, தகுதிபெற்ற உடற்கல்வி ஆசிரியரைக் கொண்டு, நாள்தோறும் ஒரு மணிநேரம் மேலதிகமாக உடற்பயிற்சி அளிக்கப்பட்டது. அதற்காக ஏனைய பாடங்களின் நேரம் ஏழிலொரு பங்களவு குறைக்கப்பட்டது. அப்பிள்ளைகளின் புள்ளிகள் குறையவில்லை. அதனினும் பெரிய செய்தி, அவர்கள் வளர்ந்து முப்பது வயதைக் கடந்தபின் மீண்டும் ஆராய்ந்தபோது கிடைத்தது. மேலதிகப் பயிற்சி பெற்றிருந்த பெண்கள், பெறாத பெண்களைவிடக் கூடுதலாக, ஒழுங்காக உடற்பயிற்சி செய்வோராயிருந்தனர். பள்ளியில் இட்ட வித்து இருபது ஆண்டு கடந்தும் முளைவிட்டது.

வெளிநாட்டுச் சான்று வேண்டாதார்க்கு நம்மூர்ச் சான்றும் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கிற் பங்குபற்றினார். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு ஆசிய விளையாட்டின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அவரே பின்னர் அமெரிக்காவிற் பயின்று கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாய்ந்த கால் படித்த தலையைக் கெடுக்கவில்லை.

நம் பாடவிதானத்திலும் ஒரு குறை கருதற்பாலது. சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடம் 6ஆந் தரம் முதல் 9ஆந் தரம் வரை யாவர்க்கும் உரியது. 10ஆந் தரத்தில் விருப்பப் பாடங்களுள் ஒன்றாகின்றது. அதனைத் தெரியாத மாணாக்கன், பதினைந்து வயதளவிலேயே மைதானத்துக்கு விடை கூறிவிடுகின்றான். பரீட்சைக்கு எடாத பாடத்தை விடலாம். எடாத உடம்பென ஒன்று யார்க்கும் இல்லை.

முதல்வனும் கடைசியானவனும்

ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டி வருகின்றது. இல்லங்கள் சோடிக்கப்படுகின்றன; பாண்ட் வாத்தியம் முழங்க அணிநடை நிகழ்கின்றது; கொடிகள் பறக்கின்றன. காணக் கண்கொள்ளாக் காட்சியே அது. ஆனால் ஓடுவோர் யாவர் என உற்று நோக்கின், ஒவ்வோர் இல்லத்திலும் அதே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் எல்லா நிகழ்ச்சியிலும் ஓடுவதைக் காணலாம். எஞ்சியோர் கைதட்டுகின்றனர். விழா முடிவில் வரும் பழைய மாணவர் ஓட்டத்தில், பாதித் தூரத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிக்கும் அன்பர்களை யாம் கண்டிருக்கின்றோம். அவர்களுட் பலர் அக்காலத்திற் கைதட்டியோரே!

விரைந்தோடும் பிள்ளை பள்ளி இல்லாவிடினும் ஓடும். உடற்கல்வி யாருக்கு இன்றியமையாதது எனின், கடைசியாக வரும் பிள்ளைக்கே. தமிழ்ப் பாடத்தை நன்றாக வாசிப்பவனுக்கு மாத்திரம் கற்பித்து, தடுமாறி வாசிப்பவனைக் கைதட்ட விடும் ஆசிரியரை யாரும் மெச்சார். உடற்கல்விக்கும் அதுவே நீதி. சென்ற மாதம் ஓடிய நேரத்தினும் இந்த மாதம் சிறிது விரைந்தோடினான் என்பதே அவனுக்குரிய பதக்கமாதல் வேண்டும். ஓடுதலைத் தண்டனையாக விதிக்கும் வழக்கமும் ஒழியத்தக்கது. பிந்தி வந்ததற்காக மைதானத்தைச் சுற்றியோடிய பிள்ளை, வளர்ந்தபின் இன்பத்துக்காக ஓடுமென எங்ஙனம் எதிர்பார்ப்பது?

இதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. கிளித்தட்டு எனவும் தாச்சி மறித்தல் எனவும் வழங்கும் நம் விளையாட்டை நோக்குக. மணலிற் கீறிய கோடுகளே அதன் கருவி. மறிப்போரும் கடப்போரும் ஒருங்கே இயங்குவர். திடீரென நிற்றல், திரும்புதல், ஏமாற்றிப் பாய்தல், தோழனுக்குக் குரல் கொடுத்தல் யாவும் அதில் உள. ஒருவனும் கைதட்டுவோனாக ஓரத்தில் நிற்பதற்கில்லை. சடுகுடுவும், கரப்பந்தாட்டமும், யோகாசனமும் அவ்வாறே சிறிய நிலத்தில் பலரை இயக்க வல்லன.

பெண் பிள்ளைகள்

பூப்பெய்தியதும் பெண் பிள்ளையை மைதானத்திலிருந்து விலக்கும் மனப்பான்மை இன்னும் முற்றாக நீங்கவில்லை. இது தமிழ் மரபென்று கூறுவார்க்குச் சங்க நூல்களே மறுமொழி கூறும். நெய்தல் நிலத்து மகளிர் கடலாடியதையும், மணலில் ஓரை ஆடியதையும், பந்தும் கழங்கும் பயின்றதையும் புலவர் பலர் பாடியுள்ளனர். பாரதியாரும் பாப்பாவுக்கு அறிவுரை கூறப் புகுந்தபோது முதற்கண் கூறியது விளையாட்டையே. யாழ்ப்பாணத்துப் பெண்ணாகிய தர்ஜினி சிவலிங்கம், 2009, 2018, 2022ஆம் ஆண்டுகளில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடிப் புகழீட்டினார். அவர்போல் யாவரும் ஆகவேண்டுமென்பதன்று எம் கருத்து. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து தேய்வதனால், இளமைச் சேமிப்பு அவர்க்கே மிகுதியாக வேண்டும் என்பதனைத் தாய்மார் உணர்தல் வேண்டும்.

வாழ்நாள் முழுதும் என்று யாம் கூறுவதற்கு உயிர்ச் சான்றாக ஒரு மூதாட்டியார் விளங்குகின்றார். முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், 2023ஆம் ஆண்டிற் பிலிப்பைன்சில் நிகழ்ந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், தம் 72ஆவது வயதில், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கம் பெற்றார். போரின் கொடுமை மிக்க மண்ணில் வாழ்ந்தவர் அவர். அவர் கழுத்தில் ஏறிய பதக்கத்தினும், அவ்வயதிலும் கால் தரையில் ஊன்றி ஓடியதே பெரும்பேறு.

செய்யத்தக்கவை

தீவகத்து ஊர்கள் 1990ஆம் ஆண்டிற் பெயர்ந்தன; அல்லைப்பிட்டி மக்கள் 2006இலும் மீண்டும் ஊரைவிட்டு நீங்கினர். ஆளில்லாத ஊரில் மைதானமும் பற்றையாகும். மீண்டு வந்தோர் முதலிற் கூரையையும் கிணற்றையும் சீர்செய்தனர், அது முறையே. இனி மைதானத்தின் முறை. அச்சமும் இழப்பும் கண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, தோழரோடு கூடி ஆடிச் சிரிக்கும் ஒரு மணிநேரம் உடம்புக்கு மாத்திரமன்று, உள்ளத்துக்கும் மருந்தாகும்.

ஆசிரியர்க்கு எம் வேண்டுகோள் மூன்று. உடற்கல்விப் பாடவேளையைக் கடன் கேளாதிருத்தல். வெயில் ஏறுமுன் அது நிகழுமாறு நேரசூசி வகுத்தல். 10ஆந் தரத்திலும் அதன் மேலும் பயில்வோர்க்கு, பாடமாக எடுத்தாலும் எடாவிடினும், கிழமையில் இரு மாலையேனும் விளையாட்டை ஒழுங்குசெய்தல். மாணாக்கர்க்கு ஒன்று: வெல்வதற்காக ஆடுக, வெல்லாவிடினும் ஆடுக. பெற்றோர்க்கு ஒன்று: மாலையில் ஒரு மணிநேரத்தைத் தனியார் வகுப்பிலிருந்து மீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க.

கடலாற் சூழப்பட்ட நம் பிள்ளைகளுட் பலர் நீந்தக் கல்லாதிருத்தலும் நாணத்தக்கதே. 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியும், 1971இல் அதனை இருவழியும் நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தனும் வடமராட்சிக் கடலிற் பழகியவர்களே. தகுந்த பாதுகாப்போடு நீச்சல் கற்பித்தல் உயிர்காக்கும் கல்வியாகும். மூட்டு நோகும் முதுமையிலும் கைகொடுக்கும் அப்பியாசம் அதுவே.

பழைய மாணவர்காள்! கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சுவிசிலும் இருந்து கல்லூரிக்கு நீவிர் அனுப்பும் உதவி பெரிது. வளைவும் மண்டபமும் கட்டியெழுப்பிய உங்கள் கைகள், இவ்விழா ஆண்டில் மைதானத்தின் பக்கமும் திரும்புக. மண் நிரவுதல், வேலி அடைத்தல், ஓரத்தில் வேம்பு நடுதல், குடிநீர்க் குழாய் வைத்தல், பந்தும் வலையும் வாங்குதல் என்பன கல்வெட்டிற் பெயர் பொறிக்க இடந்தாரா. ஆயினும் அவற்றின் பயன் ஆயிரம் பிள்ளைகளின் எலும்பிலும் தசையிலும் எழுதப்படும். அவர்கள் எழுபது வயதடைந்தும் அழியாது நிற்கும். உடம்பைப் பேணுதலை உயிரைப் பேணும் வழியாகக் கண்ட திருமூலர் மரபில் வந்தோர் நாம். முதுசொமாகக் கிடையாத இச்செல்வத்தை, ஒவ்வொரு பிள்ளையும் தேடிக்கொள்ள இடமும் நேரமும் வகுத்துக் கொடுத்தல் நம் அனைவர்க்கும் கடன்.

கல்லூரி நீடு வாழ்க! அதன் மைதானம் என்றும் பிள்ளைகளின் காலடியாற் பொலிக!